விரலைக் கண்டு மயங்கிய மன்னன்

இருண்ட நகைச்சுவை கொண்ட தேவதைக் கதைகளில் அழகு என்பது நற்குணத்துக்குக் கிடைக்கும் பரிசாகவே வருகிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இத்தாலிய எழுத்தாளர் ஜாம்பத்திஸ்தா பசீலே நேப்பிள்ஸ் மொழியில் எழுதி, அவர் மறைந்தபின் 1634 முதல் 1636 வரை வெளியான தொகுப்பில் உள்ள தோலுரிக்கப்பட்ட கிழவியின் கதை இதற்கு நேர்மாறானது. கிழச் சகோதரிகள் இருவர் நாள்கணக்கில் சப்பிச் சப்பி மெருகேற்றிய விரல்களுள் ஒன்றைக் கதவுத் துளை வழியே கண்டு, இளம்பெண்ணின் விரலென மயங்கும் மன்னன், இருட்டில் தன்னிடம் வந்த அவர்களுள் ஒருத்தியை விளக்கேற்றிப் பார்த்ததும் சன்னல் வழியே வீசியெறிகிறான். மரக்கிளையில் தொங்கிய அவள் கோலத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்த தேவதைகள், தங்களைச் சிரிக்கவைத்ததற்காகவே அவளுக்கு இளமையையும் பேரழகையும் அளிக்கிறார்கள். அவளுடைய குணத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

கொல்லத் துணிந்த அதே மன்னன் அவளை மணந்துகொள்கிறான். மணவிருந்தில் உடன்பிறந்தவளின் நச்சரிப்பைத் தாங்க மாட்டாமல், தோலை உரித்துக்கொண்டதால் இப்படி ஆனேன் என்று அவள் சொல்லிவிட, மற்றவள் நாவிதரிடம் ஓடிப் பணம் கொடுத்துத் தன் தோலை உரிக்கச் செய்து உயிரை விடுகிறாள். கிழவிகளின் பேராசையை மட்டும் குறைசொல்லி இக்கதையைக் கடந்துவிடுவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன், ஏனெனில் யார் அரண்மனைக்குள் வரலாம், யார் சன்னல் வழியே போகவேண்டும் என்பதைத் தீர்மானித்த மன்னனுக்குக் கதையின் இறுதிவரை ஒரு சிறு தண்டனைகூட இல்லை.