சேரும் வரை நாளுக்கு மூன்று அழைப்பு, சேர்ந்த பிறகு ஆளே இல்லை

இங்கே அமெரிக்காவில், லாபத்துக்காக நடக்கும் ஓர் ஆன்லைன் கல்லூரியின் படிவத்தை என் தங்கை ஒரு மாலை செல்போனில் நிரப்பினாள். பெயர், தொலைபேசி எண், என்ன படிக்க ஆசை, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. அடுத்த பத்து நாளும் விடவில்லை. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்கு அவள் கிளம்பும் நேரத்தில் ஒரு முறை. "உங்கள் பிள்ளைகள் உங்களை நினைத்துப் பெருமைப்பட வேண்டாமா?" என்று கேட்டாராம் அந்தச் சேர்க்கை ஆலோசகர். அன்றிரவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. யாருக்கு ஆலோசனை சொன்னார்கள்? அமெரிக்காவில் லாபத்துக்காக நடக்கும் 30 கல்வி நிறுவனங்களை செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு விசாரித்து, 2012இல் அறிக்கை வெளியிட்டது. அந்த நிறுவனங்களில் ஆள் பிடிக்க இருந்தவர்கள் 35,202 பேர். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட உதவ 3,512 பேர். வருமானத்தில் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் 22.7 சதவீதம், லாபமாக 19.4 சதவீதம், பாடம் நடத்த 17.2 சதவீதம். கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு, இந்த மூன்றில் கற்பிப்பதற்குத்தான் குறைவாக ஒதுக்கியிருக்கிறார்கள்! போனை எடுப்பவரின் மனதில் எங்கே வலி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையே கிளறிச் சேர்க்கச் சொல்லும் பயிற்சித் தாள்களும் அந்த விசாரணையில் வெளியே வந்தன. பிள்ளைகளின் பெருமை என்ற பேச்சு ஏதோ வாய்தவறி வந்ததல்ல என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

வகுப்பு எப்படி நடந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வகுப்பு என்று எதுவும் இல்லை. வாரம் ஒரு கேள்வி வரும். புதன்கிழமைக்குள் அதற்குப் பதில், ஞாயிறு நள்ளிரவுக்குள் இரண்டு சக மாணவர்களின் பதிலுக்குப் பதில். பணி முடிந்து வந்து, கால் வீங்கியிருக்க, கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுதுவாள். ஆசிரியரிடமிருந்து வந்த குறிப்பு: "நல்ல சிந்தனை, தொடர்ந்து எழுதுங்கள்." மறுவாரமும் அதே வரி. ஐந்து வாரம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஐந்தாவது வாரம் அதில் வேறொரு மாணவரின் பெயர் இருந்தது. அவளுடைய கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை. அந்த ஆசிரியரின் தலையில் எத்தனை வகுப்புகளைக் கட்டியிருந்தார்களோ, அவரை நான் குறை சொல்லவில்லை. சந்தேகம் கேட்க அந்த ஆலோசகரை அழைத்தாள். எடுக்கவே இல்லை.

எடுப்பானேன்? பணம்தான் முன்பே போய்விட்டதே. மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடனும் உதவித்தொகையும் நேரே நிறுவனத்துக்குப் போகின்றன. லாப நோக்குக் கல்லூரி ஒன்று தன் வருமானத்தில் 90 சதவீதம் வரை இப்படிப் பெறச் சட்டமே இடம் தருகிறது. 2021இல் செய்த சட்டத் திருத்தம் 2023இல் அமலுக்கு வரும் வரை, முன்னாள் ராணுவத்தினருக்கான கல்வி உதவி அந்த 90இல் சேரவில்லை, மீதி 10இல் கணக்கானது. அதனால் அவர்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்தார்கள். படிப்பு பாதியில் நின்றால் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கடன் மட்டும் மாணவரின் தலையில். அமெரிக்காவில் திவாலானாலும் கல்விக்கடன் லேசில் தீராது.

"விசாரித்துச் சேர்ந்திருக்க வேண்டும்" என்று எங்கள் உறவினர்களே அவளைக் குத்துகிறார்கள். எதை விசாரிப்பது? பெரிய நிறுவனங்களுடன் தொடர்பு இருப்பதுபோல விளம்பரம் செய்தது தொடர்பாக, இதேபோல் லாபத்துக்காக நடக்கும் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 14.1 கோடி, மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தர வேண்டியிருந்த பாக்கியின் தள்ளுபடி. அரசுக் கடன் அதில் வரவில்லை. இதே வகையைச் சேர்ந்த கொரிந்தியன் கல்லூரிகள், மாணவர்களை ஏமாற்றிய புகார்களுக்கிடையே 2015இல் மூடப்பட்டன. அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை மொத்தமாகத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க 2022 ஜூன் ஆகிவிட்டது. ஏழு ஆண்டு! அரசாங்கத்துக்கே இத்தனை காலம் பிடித்ததை, இரவுப் பணிக்குக் கிளம்பும் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே கண்டுபிடித்திருக்க வேண்டுமாம்.

போன மாதம் அவளை அருகிலுள்ள சமுதாயக் கல்லூரிக்கு, அதாவது இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிக்கு, அழைத்துப் போனேன். பழைய கல்லூரியில் முடித்த 33 கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) எத்தனையை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "மூன்று" என்றார். மற்றதை ஏற்க அவர்களுக்குக் கட்டாயம் இல்லை, அது புதிதாகச் சேரும் கல்லூரியின் முடிவு. இதுவும் அவள் கையெழுத்திட்ட தாளில் பொடி எழுத்தில் இருந்தது. போனில் மட்டும், "எங்கே போனாலும் செல்லும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏமாற்றிச் சேர்க்கப்பட்டவர்களுக்கான கடன் தள்ளுபடிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று கேட்கிறது படிவம். எல்லாம் போன் பேச்சு. அவளிடம் இருப்பது அழைப்புப் பட்டியல் மட்டும்தான். அதைத்தான் பக்கம் பக்கமாக அச்செடுத்து இணைத்தோம்.

ஆகஸ்டில் சமுதாயக் கல்லூரியில் சேர்கிறாள். முதல் பாடம் ஆங்கிலக் கட்டுரை. ஏற்கெனவே படித்து, முதல் வகுப்பு மதிப்பெண் வாங்கிய அதே பாடம்.