"நான் நேபாளி இல்லை, அங்கிள்"

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், அழகு நிலையமொன்றில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் இரண்டு தோழியருடன் வாடகைக்கு இருக்கிறார். சென்ற மாதம் தண்ணீர் லாரிப் பணத்தை இன்னும் யார் தரவில்லை என்று அசோசியேஷன் செயலாளர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த நேபாளிப் பொண்ணு அன்னைக்கே குடுத்துட்டாளே" என்று நான் சொன்னேன். அவருக்குச் சாதகமாகத்தான் பேசினேன். படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்த அவர் அதைக் கேட்டுவிட்டு, ஏழு ஆண்டுகளாகச் சென்னையில் பழகிய தமிழில், "நான் நேபாளி இல்லை, அங்கிள். மணிப்பூர்" என்றார். திருத்திக்கொள்ளும் அவசரத்தில் நான் "ஓ, மணிப்பூரியாம்மா" என்றேன். அதற்கும் இல்லையென்று தலையசைத்தார். "மணிப்பூரின்னா எல்லாரும் மெய்தேய்னு நினைப்பாங்க. நான் தாங்குல் நாகா. ஊரு உக்ருல்." கோபமாகச் சொல்லவில்லை, பல முறை சொல்லிச் சலித்த குரலில் சொன்னார். எனக்கு அதுதான் உறைத்தது.

முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன் நான். ஒற்று மிகுமா மிகாதா என்று அரை மணி நேரம் வாதிடுகிறவனுக்கு, மேல்மாடியில் இருப்பவரை எப்படிக் குறிப்பிடுவது என்று ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. அதிலும் வேடிக்கை, அந்த வாரம் என் மேசையில் இருந்த மெய்ப்பும் இதே சிக்கலோடுதான் வந்திருந்தது. 1960களில் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பின் மறுபதிப்பு அது. அமெரிக்கா பற்றிய கட்டுரைகளில் பக்கத்துக்கு நான்கு இடத்தில் "நீக்ரோ" என்றிருந்தது. பதிப்பகத்தின் இளம் ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் "கறுப்பினத்தவர்" என்று மாற்றிவிடலாம் என்றார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

காரணம், அந்தக் கட்டுரையாளர் யாரையும் இழிவுபடுத்த அச்சொல்லை எழுதியவரல்லர். 1963இல் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் முன்னால் உரையாற்றிய மார்ட்டின் லூதர் கிங்கே தம் மக்களை அச்சொல்லால்தான் குறிப்பிட்டார். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1928இல், பள்ளி மாணவன் ஒருவன், கறுப்பினத்தவரே நடத்திய "தி கிரைசிஸ்" இதழுக்கு எழுதி, வெள்ளையர் இட்ட இந்தப் பெயரை நீங்களும் ஏன் அச்சிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தான். ஆசிரியர் டு போய்ஸ் அவனுக்கு விரிவாகவே பதில் எழுதினார்: பெயர் என்பது வெறும் அடையாளக் குறி, அதை மாற்றிவிட்டால் இகழ்ச்சி போய்விடாது, இகழ்கிறவன் புதுப்பெயரையும் இகழ்வான் என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வரலாறு அந்த மாணவன் பக்கம்தான் போயிற்று. 1966இல் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் "கறுப்பு ஆற்றல்" என்று முழங்கிய பிறகு, அதுவரை வசையாக இருந்த "கறுப்பர்" என்ற சொல் பெருமையாயிற்று, "நீக்ரோ" பழங்கால வாடை வீசத் தொடங்கியது. 1988இல் ஜெஸ்ஸி ஜாக்சன், நிறத்தை அல்ல, மூதாதையர் மண்ணைச் சுட்டும் "ஆப்பிரிக்க அமெரிக்கர்" வேண்டும் என்றார். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் மூன்று பெயர்களும் ஒரே கட்டத்துக்கு எதிரே வரிசையாக நின்றன. முதியவர் சிலர் இன்னும் தம்மை அந்தப் பழைய பெயராலேயே சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். 2013இல் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். 2016இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், கூட்டாட்சிச் சட்டங்களில் எஞ்சியிருந்த "நீக்ரோ", "ஓரியண்டல்" என்ற சொற்களை அகற்றியது. ஆனால் 1909இல் தோன்றிய அவர்களுடைய மிகப் பழைய உரிமை அமைப்பின் பெயரில் "நிறமுடையோர்" என்ற, இன்று யாரும் யாரையும் அழைக்கத் துணியாத சொல் அப்படியே இருக்கிறது. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், அவர்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஓர் எழுத்தைப் பற்றியது. 1930இல் "நியூயார்க் டைம்ஸ்" நாளேடு "நீக்ரோ" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட ஒப்புக்கொண்டது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2020இல், அதே நாளேடு "பிளாக்" என்பதற்கும் அதே மரியாதையைத் தந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது; நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய மரியாதையும் அவமரியாதையும் விகுதியில் இருக்கின்றன. "வடக்கத்தியர்" என்றால் திசை. "வடக்கன்" என்றால் வசை. மெட்ரோ வேலையிலும் கட்டட வேலையிலும் நம் நகரத்தைக் கட்டித் தருகிற பீகார், ஒடிசா, ஜார்கண்ட் இளைஞர்களை இன்று சமூக வலைத்தளங்களில் எந்த விகுதியோடு எழுதுகிறோம் என்று பாருங்கள். படிக்கட்டருகே நான் சொன்னதிலும் "நேபாளி" மட்டும் பிழையன்று. "குடுத்துட்டாளே" என்ற அந்த "ஆள்" விகுதியும் சேர்த்தி. செயலாளரின் மனைவியைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பேனா?

இந்த வழக்குக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதுமில்லை. சென்னையிலேயே, டு போய்ஸ் பதில் எழுதுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, இது நடந்து முடிந்திருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்கு "பறையன்" என்றே பெயரிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அதே பெயரோடு, அதே "அன்" விகுதியோடு, நிமிர்ந்து நின்று உரிமை கேட்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதருக்கு அது உடன்பாடில்லை. அந்தப் பெயர் பௌத்தர்களாக இருந்த மக்கள்மேல் பகைவர் சுமத்தியது என்பது அவர் முடிவு. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் நடத்திய இதழின் பெயர் "ஒரு பைசாத் தமிழன்". 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் "ஆதிதிராவிடர்" என்ற பெயர் ஏறியது. பிறகு காந்தியடிகள் அன்போடுதான் "அரிஜன்" என்றார்; பெற்றுக்கொண்டவர்களில் பலர் அதை ஏற்கவில்லை, 1982இல் இந்திய அரசே அலுவல்களில் அச்சொல்லைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. கொடுத்தவரின் மனம் நல்லதா என்பது இங்கே கேள்வியாகவே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தபோது, காலனி என்பதில் என்ன தவறு, எங்கள் தெருவும் காலனிதானே என்று கேட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் இருப்பது வங்கி ஊழியர் காலனியில்.

அந்த நண்பர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, "பத்து வருஷத்துக்கு ஒரு தரம் பேரை மாத்திக்கிட்டே இருந்தா மனுஷன் எதைத்தான்யா ஞாபகம் வெச்சுக்கறது?" என்று அலுத்துக்கொண்டார். நான்கு ஆண்டு டெல்லியில் வேலை பார்த்தபோது தம்மை "மதராசி" என்றவர்களிடம் மல்லுக்கு நின்ற கதையை நூறு முறை சொன்னவர் அவர். இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து, 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். 1969இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. மவுண்ட் ரோடு அண்ணா சாலையானதும், மெட்ராஸ் சென்னையானதும் நண்பருக்கு நினைவில் நிற்கின்றன. தாங்குல் என்ற மூன்றெழுத்துச் சொல்... சரி, மெய்ப்புத் திருத்துகிறவன் எண்ணிச் சொல்ல வேண்டும், நான்கெழுத்து, அது மட்டும் ஏன் நிற்காது?

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே சமூகத்துக்குள் எல்லோரும் ஒரே பெயரை விரும்புவதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தவர்களை அந்நாட்டுக் கணக்கெடுப்பு 1911இலிருந்து "இந்தியத் தமிழர்" என்று எழுதிவந்தது. அவர்களில் பலர் "மலையகத் தமிழர்" என்பதையே தம் பெயராக முன்வைக்கிறார்கள், சிலர் பழைய பெயரோடே பதிகிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டவர்களை நாம் "சிலோன்காரங்க" என்றோம். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இரண்டையும் வைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களே. "வடகிழக்கு" என்ற சொல்லும் அப்படித்தான்: எட்டு மாநிலங்களையும் எத்தனையோ மொழிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. 2014இல் டெல்லியில் அருணாசலப் பிரதேச இளைஞர் நிடோ தானியா அடித்துக் கொல்லப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, அம்மக்கள்மீது வீசப்படும் இனவசைகளுக்குத் தனிச் சட்டப் பிரிவே வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து இதில் தேர்ச்சி பெற முடியாது. எதிரில் நிற்பவரைக் கேட்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. இனம் பற்றிய பேச்சே எழாத இடத்தில் ஒருவரின் இனத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அதற்கும் முந்தைய கேள்வி. தண்ணீர் லாரிப் பணத்துக்கு "மூணாவது மாடி" என்பதே போதும்.

மறுபதிப்பில் கட்டுரையாளரின் சொல்லை அப்படியே விட்டோம். அவர் காலத்தை நாம் திருத்தி எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முன்னுரையிலும் பின்னட்டையிலும், அதாவது இன்று நாங்கள் எழுதும் இடங்களில், "கறுப்பினத்தவர்" என்று போட்டோம். இளம் ஆசிரியர் முழு மனத்தோடு ஒப்பவில்லை.

இப்போது மேசையில் அடுத்த கட்டு இருக்கிறது, தமிழகப் பழங்குடிகள் பற்றியது. 2023 சனவரியில் சட்டமாகிப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த பெயர் "நரிக்குறவன்" என்று "அன்" விகுதியோடு இருக்கிறது. நூலாசிரியர் "நரிக்குறவர்" என்று எழுதியிருக்கிறார். அம்மக்கள் தம் மொழியில் தம்மை "வாக்ரி" என்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, நூலாசிரியருக்கு எழுதியிருக்கிறேன்: அவர்களிடம் கேட்டீர்களா?