பதவி கிடைத்த பிறகும் இயாகோ ஏன் நிறுத்தவில்லை?

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' பற்றிப் பேச்சு வந்தால் போதும், இயாகோவுக்காக வாதாட யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். தளபதி ஒத்தெல்லோவிடம் வேலை பார்த்துக்கொண்டே, அவர் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று பொய் சொல்லி, அவர் கையாலேயே அவளைக் கொல்ல வைப்பவன்தான் இந்த இயாகோ. "அவன் பக்கமும் நியாயம் இருக்குல்ல?" என்பார்கள். இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயம்தான் அவனைத் துரோகம் செய்ய வைத்தது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஏற்க முடியாததற்குச் சாட்சி நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அவன் குறை என்ன என்று கேட்போம். ரோட்ஸிலும் சைப்ரஸிலும் ஒத்தெல்லோவின் கண் முன்னால் போரிட்டவன். தளபதிக்கு அடுத்த இடமான லெப்டினன்ட் பதவி தனக்குத்தான் என்று இருந்தவன். வெனிஸின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் அவனுக்காகப் போய்ப் பேசியும் பதவி காசியோவுக்குப் போய்விடுகிறது. காசியோ ஃப்ளாரன்ஸ்காரன், களத்தில் ஒரு படைப்பிரிவைக்கூட நிறுத்தியறியாத ஏட்டுப் படிப்புக்காரன். குறைந்தபட்சம் இயாகோ அப்படித்தான் சொல்கிறான். சீனியாரிட்டிக்கு மதிப்பில்லை, சிபாரிசும் வேண்டியவர்களும்தான் எல்லாம் என்று முதல் காட்சியிலேயே குமுறுகிறான். வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் குமுறலைக் கேட்காதவர் யார்? ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். சிபாரிசைத் திட்டுகிற இதே மனிதனுக்காகத்தான் மூன்று பேர் சிபாரிசுக்குப் போனார்கள்.

இந்த நாடகத்தை வைத்து விஷால் பரத்வாஜ் எடுத்த 'ஓம்காரா' (2006) இந்திப் படத்தில் பிடித்துக்கொண்டதும் இந்தக் குறையைத்தான். தனக்கு வரும் என்று நம்பியிருந்த இடம் கேசுவுக்கு (அங்கே காசியோ) போனதும் இயாகோவான லங்டா தியாகியின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே, 1997இல், ஜெயராஜ் 'களியாட்டம்' என்ற மலையாளப் படத்தில் கதையைக் கேரளத்தின் தெய்யம் என்ற சாமியாட்டக் கலைஞர்களிடம் கொண்டுபோனார். அங்கே இயாகோவான பனியன் ஏங்குவது தீச்சாமுண்டி என்ற தெய்ய வேடத்துக்கு. இரண்டுமே எனக்குப் பிடித்த படங்கள். ஆனால் மூலத்தில் இயாகோ ஒரே காரணத்தோடு நிற்பதில்லை.

தன் மனைவி எமிலியாவோடு ஒத்தெல்லோ இருந்தான் என்று வெளியே பேச்சு இருப்பதாக இயாகோ சொல்கிறான். அது உண்மையா என்று தனக்குத் தெரியாது என்கிறான். ஆனாலும் சந்தேகமே போதும், உறுதியாகத் தெரிந்தது போலவே நடந்துகொள்வேன் என்கிறான். அப்புறம் காசியோ மேலும் அதே சந்தேகம். நடுவில் டெஸ்டிமோனாவைத் தானும் விரும்புவதாக ஒரு பேச்சு. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து. அதில் காரணம் ரொம்பத் தெளிவு. இயாகோவின் இடத்தில் இருக்கும் கொடி பிடிக்கும் அதிகாரி நாயகியை விரும்புகிறான், அவள் கண்டுகொள்ளவில்லை, விருப்பம் வெறுப்பாகிறது. கையில் இருந்த அவ்வளவு சுலபமான காரணத்தை ஷேக்ஸ்பியர் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாத நாலு காரணங்களை இவன் வாயில் வைத்திருக்கிறார்.

இதைப் பார்த்துத்தான் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ், காரணமே இல்லாத கெட்ட எண்ணம் காரணம் தேடி அலைகிறது என்று எழுதினார். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. காரணமே வேண்டாத கெட்டவன் என்றால் ஏன் தேட வேண்டும்? மேடையில் தனியாக நிற்கும்போது அவனை யாரும் விளக்கம் கேட்கவில்லையே. காசியோவுக்கு நல்ல யோசனை மாதிரி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டு, "நான் சொன்னது நல்ல யோசனைதானே, என்னை வில்லன் என்று எவன் சொல்வான்?" என்று தனக்குத்தானே வாதாடுகிறான். தான் செய்வது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் அவனால் அடுத்த அடி வைக்க முடிவதில்லை. அவனிடம் நான் காணும் ஒழுக்க உணர்ச்சி அவ்வளவுதான், அதுவும் துரோகத்துக்குத்தான் உழைக்கிறது.

இப்போது மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்கு வாருங்கள். டெஸ்டிமோனாவுக்கு ஒத்தெல்லோ பரிசாகக் கொடுத்த கைக்குட்டையைக் காசியோவின் கையில் பார்த்ததாக இயாகோ சொல்லியாகிவிட்டது. ஒத்தெல்லோ மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் எடுக்கிறான். இயாகோவும் பக்கத்தில் மண்டியிடுகிறான். காசியோ மூன்று நாளைக்குள் சாக வேண்டும் என்கிறான் ஒத்தெல்லோ. "என் நண்பன் செத்துவிட்டான், நீங்கள் கேட்டதற்காக. ஆனால் அவள் வாழட்டும்" என்கிறான் இயாகோ. அவளைக் காப்பாற்றுவது போன்ற பேச்சிலேயே அவளைக் கொல்லும் யோசனையையும் ஒத்தெல்லோவின் காதில் போட்டுவிடுகிறான். அடுத்த நொடியே ஒத்தெல்லோ, இனி நீதான் என் லெப்டினன்ட் என்று சொல்கிறான்.

அவ்வளவுதான், கேட்டது கிடைத்துவிட்டது. பதவி பறிபோனதுதான் அவன் குறை என்றால் அங்கேயே அவன் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. டெஸ்டிமோனாவை விஷம் வைத்துக் கொல்லாதே, படுக்கையிலேயே கழுத்தை நெரி என்று அடுத்த அங்கத்தில் ஒத்தெல்லோவுக்கு வழி சொல்லிக் கொடுப்பவன் லெப்டினன்ட் ஆகிவிட்ட இயாகோ. "பாவம், பதவி கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவனுக்காக உருகுகிறவர்கள் இந்தக் காட்சியை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என்னைக் கேட்டால், அவன் உண்மை பேசுவது ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில். காசியோவைக் கொல்ல இருட்டில் காத்திருக்கும்போது, அவன் வாழ்க்கையில் தினமும் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது என்று சொல்லிவிடுகிறான். காசியோ குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், தன்னை விரும்பும் பியாங்காவை ஏமாற்றுகிறவன், ஒன்றும் மகான் இல்லை. ஆனாலும் அவனிடம் இருக்கிற ஏதோ ஒன்று இயாகோவால் தாங்க முடியாததாக இருக்கிறது. ஒத்தெல்லோவிடமும் அதேதான். அவர் வெள்ளை மனசு, நேர்மையானவன் போலத் தெரிந்தாலே நம்பிவிடுவார் என்று இவனே சொல்கிறான். சைப்ரஸுக்குக் கப்பலேறும்போது மனைவியை இவன் பொறுப்பில்தான் ஒத்தெல்லோ விட்டுப்போகிறார். அப்படி நம்பக்கூடிய மனசு தன்னிடம் இல்லை என்று இயாகோவுக்குத் தெரியும். அந்த மனசை அழிப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. பதவி, மனைவி மேல் சந்தேகம் எல்லாம் அதற்குத் தேடிக்கொண்ட அனுமதி.

இதே நாடகத்தில் நியாயத்துக்காக நெருங்கியவரைக் காட்டிக்கொடுத்த ஒருத்தி இருக்கிறாள். கைக்குட்டையைப் புருஷனிடம் எடுத்துக் கொடுத்த எமிலியாதான். அது எதற்குப் பயன்பட்டது என்று புரிந்ததும், வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று அவன் மிரட்ட மிரட்ட எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். புருஷன் பேச்சைக் கேட்பதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது என்கிறாள். அவளுக்குப் பதவி இல்லை, லாபம் இல்லை, கிடைத்தது கத்திக்குத்துதான். இயாகோவின் நியாயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நண்பர்கள் எமிலியாவைப் பற்றியும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.