கால் மணி நேரத்தைத் தள்ளிவைக்கிற அண்ணனுக்கு

பழைய கொலை வழக்குகளைப் பற்றி அண்ணன் நடத்திய நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். 1888-ல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் வழக்கில், ஹான்பரி தெருக் கொலைச் சாட்சிகளின் நேரம் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று ஒருவர் கேட்டார். "லாங் அம்மா சொன்ன மணியைக் கால் மணி நேரம் முன்னால தள்ளுங்க, எல்லாம் சரியா உட்கார்ந்துடும்" என்றார் அண்ணன். உட்காரும்தான். இஷ்டத்துக்குத் தள்ளலாம் என்றால் எதுதான் உட்காராது? நான் போட்ட கால அட்டவணையைத் திரையில் காட்டி "ஓவர் படிப்பு" என்று சிரித்ததை விட்டுவிடுகிறேன். (விட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு சாட்சி சொன்ன நேரம் இன்னொரு சாட்சியோடு பொருந்துகிறதா என்பது இரண்டாவது கேள்வி. அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் முதல் கேள்வி.

1888 செப்டம்பர் 8. ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டுக் கொல்லையில் ஆன்னி சாப்மன் உடல் கிடைத்தது காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. எலிசபெத் லாங் சந்தைக்கு நடந்து போகும்போது அந்த வீட்டு வாசல் பக்கம் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தார். நேரம் 5.30. எப்படித் தெரியும்? பீர் ஆலைக் கடிகாரம் அப்போதுதான் அரை மணி அடித்தது. பக்கத்து 27-ஆம் எண் வீட்டு ஆல்பர்ட் கடோஷ் சுமார் 5.15-க்கு எழுந்து கொல்லைக்குப் போனார். திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது "நோ" என்று ஒரு குரல். மூன்று நான்கு நிமிஷம் கழித்து மறுபடி கொல்லைக்குப் போனபோது வேலியில் ஏதோ சாய்ந்து விழுந்த சத்தம். பிறகு வேலைக்குக் கிளம்பி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைக் கடந்தபோது மணி 5.32. லாங் பார்த்தது ஆன்னிதான் என்றால், 5.30-க்கு உயிரோடு நின்றவர் அதற்கு முன்பே எப்படி விழுந்தார்? முட்டுவது இங்கேதான்.

இப்போது முதல் கேள்வியைக் கேளுங்கள். கடோஷ் சொன்னதில் கடிகாரத்தில் பிறந்தது அந்த 5.32 மட்டும்தான், மற்றதெல்லாம் மனக்கணக்கு. லாங் சொன்னது காதில் விழுந்த மணியோசை. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள். பிரிட்டன் முழுக்க கிரீன்விச் நேரமே சட்டப்படியான நேரம் என்று 1880-லேயே ஆகிவிட்டது, சரி. சட்டம் வந்து ஆலைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காது. ஆனால் இரண்டு கடிகாரமும் ஐந்து நிமிஷம் முன்பின்னாக ஓடியது என்றே வைத்தாலும் போதாது. பேசி முடித்து, வீட்டு நடை வழியாகக் கொல்லைக்குப் போய், குரல், இடைவெளி, விழும் சத்தம், கடோஷ் கிளம்பி நடந்தது என்று கூட்டினால் பத்து நிமிஷமாவது வேண்டும். அதனால்தான் அண்ணனுக்குக் கால் மணி தேவைப்படுகிறது. லாங் தப்பாகக் கேட்டார் என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? "பொருந்தணுமே" என்பது ஆதாரம் இல்லை, ஆசை.

லாங் பார்த்தது வேறு ஜோடியாக இருக்கலாம் என்ற பேச்சே நேற்று எழவில்லை. இறந்தவர் இவர்தான் என்று லாங் அடையாளம் காட்டியது நான்கு நாள் கழித்து, பிணவறையில். கொலையானவர் என்று தெரிந்தே காட்டப்பட்ட ஒரே ஒரு முகம். பத்து முகங்களுக்கு நடுவே தேடி எடுத்ததில்லை. அந்த ஆணின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, முதுகைத்தான் பார்த்தார். அந்த நேரத்தில் அங்கே இப்படி நிற்கும் ஜோடிகளை நிறையப் பார்ப்பதுண்டு என்று விசாரணையில் அவரே சொல்லியிருக்கிறார். அதை நேற்று யாரும் வாசிக்கவில்லை.

"டாக்டர் சொன்னதே போதுமே, சாட்சி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு. போலீஸ் டாக்டர் பிலிப்ஸ் 6.30-க்கு வந்து, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார். அதாவது 4.30-க்கு முன்பே. கூடவே, காலை குளிராக இருந்தது, இவ்வளவு ரத்தம் போன உடல் சீக்கிரம் குளிரும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எல்லோரும் கத்தரித்துவிடுகிறார்கள். வயிறு திறந்து வெட்டவெளியில் கிடந்த உடலின் சூட்டை வைத்து நேரம் சொல்வதும் ஒரு சாட்சியம்தான். அதையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

அன்று விடியும் முன் 29-ஆம் எண் வீட்டுக்கு வந்துபோன ஜான் ரிச்சர்ட்சன் விஷயத்தில், அவரை நம்பாத எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 4.45 வாக்கில் கொல்லைப் படியில் உட்கார்ந்து, பூட்ஸில் உறுத்திய தோலைக் கத்தியால் வெட்டினேன், அப்போது உடல் இல்லை என்றார். அன்று காலை இன்ஸ்பெக்டர் சாண்ட்லரிடம் பேசியபோது பூட்ஸ் பேச்சே இல்லை, கொல்லைக்குள் இறங்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். விசாரணைக்கு அவர் எடுத்துவந்த கத்தியோ மழுங்கல். வேறு கத்தி கடன் வாங்கி வேலையை முடித்தேன் என்றார். வாக்குமூலம் வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் உடலின் தலை கடைசிப் படி மட்டத்திலிருந்து 6 அங்குலம் தள்ளித்தான் கிடந்தது. உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாமல் போகாது. நின்றபடி எட்டிப் பார்த்திருந்தால், இடப்பக்கம் திறக்கும் கதவே உடலை மறைத்திருக்கும். ஆக, கேள்வி கத்தி இல்லை. உட்கார்ந்தாரா, இல்லையா?

"அப்போ எந்தச் சாட்சியையும் நம்பக் கூடாதா? நீயே தீர்ப்பு எழுதிடு." இந்த நக்கல் எனக்குப் பழகிவிட்டது. நம்பலாம், அளந்து நம்பலாம். இன்னொரு கொலை நடந்த மைட்டர் சதுக்கத்தின் பக்கம் லாவெண்டே என்ற சாட்சி ஒரு ஜோடியைச் சில நொடி பார்த்துவிட்டு, அந்த ஆணை மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகமே என்றார். அவரை யாரும் கொண்டாடுவதில்லை. ரிப்பரிடம் பலியான இன்னொரு பெண் மேரி கெல்லியின் மரண விசாரணை முடிந்த பிறகு வந்து, அதிகாலை இரண்டு மணி இருட்டில் கெல்லியோடு பார்த்த ஆளுக்குத் தங்கச் சங்கிலி, குதிரை லாட வடிவ ஊசி, சிவப்புக் கைக்குட்டை என்று நகைக்கடைப் பட்டியல் ஒப்பித்த ஹட்சின்சனைத்தான் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். விவரம் கூடக்கூட உண்மை கூடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ. வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் அபர்லைனே நம்பினாரே என்பார்கள். நம்பினார். நம்பியும் ஆள் கிடைக்கவில்லையே?

எனக்கு வருத்தம் அட்டவணையைச் சிரித்ததில் இல்லை. சரி, கொஞ்சம் உண்டு. மூன்று மணி நேரப் பேச்சில் ஆன்னி சாப்மன் பெயர் நான்கு தடவை வந்திருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் "பாடி". உயிரோடு நின்ற ஒரு பெண்ணை இவர்கள் தள்ளித் தள்ளி வைக்கும் காயாக்கிவிட்டார்கள்.

கடோஷிடம் விசாரணையில் கேட்டார்கள், சத்தம் கேட்டும் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லையா என்று. வேலி ஐந்தரை அடி உயரம். பக்கத்து வீட்டில் மரப்பெட்டி செய்கிறவர்கள், அவ்வப்போது பெரிய பெட்டி வேலியில் இடிக்கும், என் வேலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.