வானம் தெளிவாக இருந்தால் போதுமா?
'மேகம் இல்லாத இரவில் 80 மீட்டரில் இரைச்சல் கேட்டால் அது பக்கத்து மோட்டார்தான்' என்று ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது எங்கள் டெல்டாவுக்குப் பொருந்தாது. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி இரவுகளில் மொட்டை மாடியில் நட்சத்திரம் எண்ணலாம். ஹெட்போனை மாட்டினால் 3.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது அந்த 80 மீட்டர் அலைவரிசையில், அப்பளம் நொறுங்குவது போல் சடசடப்பு. நானும் முதலில் போர்செட்டைத்தான் சந்தேகப்பட்டு, நடுராத்திரி வயலுக்குப் போய் அணைத்துப் பார்த்தேன். கொசுக்கடிதான் மிச்சம். மோட்டார் இரைச்சல் விடாமல் இழுக்கும். இது விட்டு விட்டு வெடிக்கும். இது தூரத்து மின்னல் கிளப்பும் ரேடியோ அலைகளின் சத்தம். அந்த மின்னல் கேரள மலையோரத்திலோ கடலுக்கு அப்பாலோ இருக்கும். பகலில், வானில் உயரே மின்னேற்றம் கொண்ட அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைய, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்துவிடுகின்றன. மேலே கருத்தில் ஒருவர் ஆன்டெனாவை உயர்த்தச் சொல்கிறார். சரி, அனுப்புவதற்கு நல்லது. கேட்கும்போது சிக்னலோடு மின்னல் சத்தமும் கூடும். கேட்பதற்கு மட்டும் நான் சின்ன லூப் (வளைய ஆன்டெனா) வைத்து, மின்னல் வரும் திசையில் மந்தமாகும்படி திருப்பிவிடுகிறேன். மேற்கே மட்டும் மின்னல் என்றால் ஓரளவு அடங்கும். சுற்றிலும் என்றால் செட்டை அணைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான்.