20 நிமிடத்தில் செய்த மீனும் சமையல்தான்

முந்தாநாள் 20 நிமிடத்தில் செய்த மீனைப் படம் எடுத்துப் போட்டேன். படத்துக்குக் கீழே சிலர் குறை சொல்லி எழுதினார்கள். எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "20 நிமிஷத்துல செஞ்சா அதுக்குப் பேரு சமையல் இல்ல, சோம்பேறித்தனம்" என்ற வரி மட்டும் இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. எழுதியவர் தெரிந்தவர் என்பதால் கூடுதலாக வலிக்கிறது.

மீன் சீக்கிரம் வேகும். அது என் சோம்பேறித்தனம் இல்லை, மீனின் உடம்பு அப்படி. ஆட்டுக்கறியில் சதையைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் அதிகம், அது இளக நேரமாகும். மீனில் குறைவு, அதுவும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். 1 அங்குலக் கனமுள்ள துண்டுக்குச் சுமார் 10 நிமிடம் என்பது பழைய கணக்கு. நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். கண்ணாடிபோல் இருந்த சதை வெளுத்து, தொட்டதும் இதழ் இதழாகப் பிரியும். அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் சக்கைதான் மிஞ்சும். மணிக்கணக்கில் நின்றால்தான் அக்கறையா? மீனைச் சரியான நேரத்தில் இறக்குவதும் அக்கறைதான்.

அன்று நான் செய்தது இதுதான். துண்டுகளின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்தேன். ஈரம் இருந்தால் ஆவியில் வெந்துபோகும், முறுகாது. உப்பு, மிளகு போட்டு, காய்ந்த எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன். தோல் முறுகித் தானாக விடும்வரை தொடவில்லை. கடைசியில் எலுமிச்சை.

"ஐஸ் மீனா?" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம். முதல் நாள் இரவு தூங்கப்போகும் முன் நினைவாக எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மேடையில் போட்டு இளகவைப்பதில்லை, கிருமி பெருகும். உள்ளே காற்றில்லாமல் உறிஞ்சி எடுத்து மூடிய உறையை வெட்டித் திறந்துவிட்டுத்தான் வைத்தேன். காற்றில்லாத இடத்தில் விஷம் உண்டாக்கும் பாக்டீரியா உண்டு, அதனால். சோம்பேறி இதையெல்லாம் யோசிப்பாரா?

வீடெல்லாம் நாறும் என்றார் ஒருவர். அந்த வாடை மீன் பழசாகும்போது பாக்டீரியாவால் உண்டாகும் ட்ரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருளால் வருவது. நல்ல மீனில் அது குறைவு. எலுமிச்சைப் புளிப்பு பட்டால் அது காற்றில் கிளம்பாமல் அடங்கும். முள்? முள் எடுத்த துண்டு வாங்கலாம், அவ்வளவுதான்.

ருசி போதாது என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நேரம் எடுத்துச் செய்யும் மீனின் ருசி வேறு, விடுமுறை நாளில் நானும் அப்படிச் செய்கிறேன். ஆனால் சோம்பேறித்தனம் என்று எழுதியவர் அதோடு நிறுத்தவில்லை. "உங்கம்மா இப்படியா செஞ்சாங்க?" என்று கேட்டார்.

இல்லை. அம்மா இப்படிச் செய்யவில்லை. வேலையிலிருந்து வந்து, வெளியே போன உடையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போவார். மீன் வாங்கிய நாளில் ஒன்பது மணிக்கு முன் நாங்கள் சாப்பிட்டதில்லை. நாங்கள் எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார். எனக்கு 9 வயது இருக்கும்போது ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். தட்டின் முன்னாலேயே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கை காய்ந்திருந்தது. மீன் துண்டு தொடாமல் அப்படியே இருந்தது. எழுப்பினேன். "பசி போயிடுச்சு, நீ போய்ப் படு" என்றார்.

அந்த அம்மாவைக் காட்டியா என்னைச் சோம்பேறி என்கிறீர்கள்? அவர் அப்படி நின்றதைப் பெருமையாகப் பேச என்னால் முடியவில்லை. அன்று யாராவது அவரைச் சீக்கிரம் உட்காரவிட்டிருக்கலாம். யாரும் விடவில்லை. நானும் கேட்டதில்லை.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். மூன்று தட்டு இருக்கிறது. ஒன்று என்னுடையது, ஒன்று மகளுடையது. ஓரத்தில் ஆவி பறக்க இருக்கும் மூன்றாவது தட்டு அம்மாவுடையது. இரவு எட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.