காணாதே போதியோ என்றுதான் கேட்டார்

மதமாற்றம் பற்றி இங்கே தினமும் சண்டை போடுகிறோம். உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

சென்னைக்குக் குடிவந்த பல குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையிலேயே அந்தப் பெயர் மறந்துபோகிறது. யாரும் வந்து மாற்றவில்லை. பூஜை அறையில் படம் இருக்கிறது, போனில் சுப்ரபாதம் ஓடுகிறது, பாடுகிற வாய்தான் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு 20 வயதில் ஒரு மனக்கஷ்டம் வரும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க ஒரு கூட்டம் இருந்தால் அங்கே போகத்தான் செய்யும்.

சாதிக்காகப் போனவர்கள் கதை வேறு. 1981-ல் தென்காசி பக்கத்து மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது, பட்ட தீண்டாமையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். வாசலில் நிறுத்தி வைத்தவரிடம் போய் வேரைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

போனவரைக் கூப்பிடும் விதத்தை மயிலாப்பூரிலேயே கற்றுக்கொள்ளலாம். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பல் குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடிய பதிகம், இரண்டாம் திருமுறையில் 47-ஆவது. அதில் மிரட்டல் ஒரு சொல்கூட இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலை விழாக்களை வரிசையாகச் சொல்லி, 'காணாதே போதியோ', இதையெல்லாம் பார்க்காமலே போகிறாயா என்று கேட்கிறார். தைப்பூசப் பாட்டில் நெய் பூசிய சோறுகூட வருகிறது!

வீட்டில் தொடங்க இந்த ஒரு பதிகம் போதும். 11 பாட்டு, பாட்டுக்கு 4 அடி. வாரம் ஒன்று என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். முதல் இரண்டு நாள் சொல் பிரித்துப் படிக்கட்டும்: 'புன்னையங் கானல்' என்பதை 'புன்னை அம் கானல்' என்று. புன்னைதான் கபாலீசுவரர் கோயில் தலமரம். கூட்டிப்போய் மரத்தையே காட்டுங்கள். பதிகத்தின் பண், அதாவது ராகம், சீகாமரம். ஓதுவார் பாடுவதை நாலு தடவை கேட்டால் மெட்டு பிடிபடும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. 48 நாள், விடிகாலை 4 மணி என்று ஆரம்பிக்கிற சங்கல்பம் முதல் பரீட்சையோடு நின்றுபோகும். விளக்கேற்றும் நேரத்தில் 5 நிமிடம் வையுங்கள்.

குலதெய்வம் தெரியவில்லை என்றால் உடனே ஜோசியரிடம் ஓட வேண்டாம். அப்பா வழியில் வயதான அத்தையைக் கேளுங்கள்: தாத்தாவுக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள், காது எங்கே குத்தினார்கள்? பழைய கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் பெரும்பாலும் தெய்வத்தின் பெயர் இருக்கும். பழைய நிலப் பத்திரத்தில் பூர்வீக ஊர் இருக்கும். அந்த ஊரில் ஒரு பங்காளி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தேடாமலே 'தெரியலைன்னா திருப்பதி' என்று முடித்துவிடுகிறோமே, அங்கேதான் தவறு. சுடலைமாடனோ அங்காளம்மனோ, அந்தச் சாமியோடு சேர்த்துப் பங்காளிகளும் படையலும் போய்விடுகின்றன.

மாறிப்போன தம்பியோ தங்கையோ இருந்தால் பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். படையல் முன்னால் கைகூப்பச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்றால், படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்த சோற்றைப் பரிமாறுங்கள். அப்பாவின் திதி என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம்.